வெறுங்கையோடு வா

அன்புத் தம்பி முக்பிலுக்கு,

உன் மீது இறைவனின் சாந்தி உண்டாகட்டும். நாங்கள் அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நாங்கள் நலமில்லை. உன் நலம் அறியும் ஆவலும் எனக்கு இல்லை, வீடியோவிலேயே பார்த்துவிட்டேன். ஜித்தா உனக்கு நன்றாக ஒத்துக்கொண்டிருக்கிறது. கன்னம் உப்பியிருக்கிறது. கன்னத்தில் அடக்கி மெல்லும் காத் போதை இலை அங்கே கிடைக்காது என்பதால் அது சோற்றில் வந்த உப்பல்தான்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ பேசுவாய், நான் ம் கொட்டுவேன், பிறகு உனக்கு வேலை வந்துவிடும். அதனால் விடுமுறை முடிந்து ஜித்தாவுக்குத் திரும்பும் ஹைதராவிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் படித்த பிறகு பொட்டலத்தைப் பிரி.

முதலில் உன் பேச்சைப் பற்றி. அங்கே நம் ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் சங்கத்தில் நீ மேடையேறி, முஸ்லிம் நாடுகள் ஏன் ஏழையாகக் கிடக்கின்றன என்று விளக்கினாயே, அது இங்கே எல்லார் கைக்கும் வந்துவிட்டது. பள்ளத்தாக்கு ஊற்றில் கேன் நிரப்ப வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஸபிய்யா தன் போனில் போட்டுக் காட்டினாள். சோம்பேறித்தனம் என்றாய். மதியமானால் கன்னத்தில் இலையை அடக்கிக்கொண்டு சாய்கிறோம் என்றாய். பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளுகிறோம், பெண்களைப் படிக்க வைப்பதில்லை, இறைவனை மறந்துவிட்டோம் என்றாய். மொராக்கோவில் தொடங்கி வங்காளம் வரைக்கும் ஒரே மூச்சில் திட்டி முடித்தாய். நம் மலைப் பக்கம் மட்டும் வரவில்லை.

கூட்டம் கை தட்டியது. இங்கே யாரும் தட்டவில்லை, எல்லார் கையிலும் கேன் இருந்தது. ஸபிய்யா மட்டும் சொன்னாள்: "நல்லாத்தான் பேசுறான் உன் தம்பி. இந்தக் கேனத் தூக்க ஒரு ஆள் அனுப்புவானான்னு கேட்டுச் சொல்லு."

நாட்டில் நடக்கும் சண்டையைக் காரணமாகச் சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். சாலையை அடைத்து வைத்திருக்கும் துப்பாக்கிக்காரர்களையோ, நிவாரண மாவு மூட்டையைப் பாதி வழியிலேயே இறக்கிக்கொள்ளும் நம் ஊர்த் தலைவர் ஷேக்கையோ சொல்லியிருந்தால் நானும் கை தட்டியிருப்பேன். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. உனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் சோம்பேறித்தனம்தான்.

இலையை மென்று கெடுகிறோம் என்பது உண்மை. என் வீட்டுக்காரரே அப்படித்தான். ஆனால் அந்த இலையை விளைவிப்பது யார்? வாப்பா இருந்தவரை நம் படிவயல் முழுக்கச் சோளம். அவர் மண்ணுக்குப் போய் வருஷம் திரும்புவதற்குள் நீ ஆள் விட்டுச் சோளத்தைப் பிடுங்கி, மேல்படியிலிருந்து கீழ்ப்படி வரை காத் செடி நட்டாய். அதற்குத் தண்ணீர் போதாதென்று ஆழ்துளைக் கிணறு இறக்கி, சோலார் பம்பு வைத்தாய். வெயில் இருக்கும் நேரமெல்லாம் அது உறிஞ்சுகிறது. நம் மலையில் வெயிலுக்கா பஞ்சம்? அடுத்த கோடையில் ஊர்க் கிணறு வற்றிவிட்டது. அதன் அடியில் இப்போது ஒரு செத்த ஆடும் நான்கைந்து செருப்பும் கிடக்கின்றன.

அன்றிலிருந்து பெண்கள் எல்லாரும் பள்ளத்தாக்குக்கு இறங்கி ஏறுகிறோம். விடியும் முன் போனால் வெயில் ஏறிய பிறகுதான் வீடு. என்னால் ஒரு நடைக்கு மேல் முடியவில்லை, முழங்கால் விட்டுப்போனது. மறு நடைக்கு என் மகள் வர்தா போகிறாள். அதனால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். பெண்கள் ஏன் படிக்கவில்லை என்று மேடையில் வருத்தப்பட்டாயே, உன் பம்பைக் கேள், அது சொல்லும்.

சரி, இதுவரை நீ அறியாமல் செய்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்தது நீ அறிந்தே செய்தது.

வீடியோ வந்த அதே வாரம், உன் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சாச்சா மகன் நாஜி ஒரு காகிதத்தோடு வந்தான். ஹமாமா ஆகிய நான் மனமுவந்து வாப்பாவின் நிலத்தில் என் பங்கை என் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது. என் மனம் உவந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். காகிதத்தோடு ஒரு மைப்பெட்டியும் கொண்டு வந்திருந்தான், கட்டைவிரலை ஒற்றி எடுக்க. நாமிருவரும் ஒரே பலகையில் எழுதிப் பழகினோம் என்பதை ஜித்தா மறக்கடித்துவிட்டதா? நான்காம் வகுப்போடு என்னை நிறுத்தித் தண்ணீருக்கு அனுப்பினார்கள், நீ மேலே படித்தாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாட்டேன் என்றேன். நாஜிக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல குடும்பத்துப் பெண் எவளும் கூடப்பிறந்தவனிடம் நிலம் கேட்டதில்லை, ஸஹ்ரா மறுபேச்சுப் பேசாமல் வைத்தாளே என்றான். தங்கை வைத்தாள், உண்மைதான். பெருநாளுக்குப் பெருநாள் உன்னிடமிருந்து அவளுக்கு ஒரு தலைத்துணி வருகிறது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுத்தவன் தோட்டத்தில் உன் மாதிரி ஆட்களுக்கு இலை பறிக்கிறாள்.

"பொம்பள பங்கு கேட்டா ஊரே சிரிக்கும், அக்கா," என்றான்.

"சிரிக்கட்டுமே. சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு, வாய்க்கு ஒரு வேலையாவது கிடைக்கட்டும்," என்றேன்.

முக்பில், இறைவன் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் விதித்தான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் கொடுத்த ஒன்றையும் நீ எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். எடுத்துக்கொண்டு மேடையேறி, நாம் இறைவனை மறந்துவிட்டோம் என்கிறாய். நாம் என்று ஏன் எங்களையும் சேர்த்துக்கொள்கிறாய்?

என் பங்கு எது என்பதிலும் சந்தேகம் இல்லை. வெள்ளத்தில் மேல்படியின் சுவர் இடிந்தபோது நீ ஜித்தாவில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாய். வாப்பாவும் நானும்தான் கல் சுமந்து திரும்பக் கட்டினோம். அப்போது வர்தா என் வயிற்றில். மேல்படி ஹமாமாவுக்கு என்று அந்த நோன்பில் சாச்சாவை வைத்துக்கொண்டு வாப்பா சொன்னார். சாச்சா இன்னும் உயிரோடு இருக்கிறார். பெற்ற மகன் நாஜியே முறைத்தும், நில எல்லையும் பத்திரமும் பார்க்கும் ஊர் அமீனிடம் வந்து அதை அப்படியே சொன்னார். அமீன் முதலில் நழுவப் பார்த்தார். மார்க்கப்படி உனக்கு உண்டம்மா, வழக்கப்படிதான் இல்லை என்றார். எது பெரியது என்று கேட்டு அவர் வாசலிலேயே உட்கார்ந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அவர் மனைவிக்கே என் மேல் இரக்கம் வந்து, கடைசியில் அவரை எழுப்பி அனுப்பினாள். வந்து எல்லைக் கல் நட்டுக் கொடுத்தார்.

உன் ஆழ்துளைக் கிணறு என் கல்லுக்கு உள்ளே இருக்கிறது. நான் இழுத்து வைக்கவில்லை, நீ அங்கேதான் துளை போட்டாய்.

நேற்றுக் காலை நான் குழாயைக் கழற்றி, பள்ளிவாசல் பக்கத்துத் தொட்டிக்குத் திருப்பிவிட்டேன். செய்தி பரவி எல்லாப் பெண்களும் கேனோடு வந்துவிட்டார்கள். நிரப்பிக்கொண்டு போனார்கள். வர்தா பையைத் தேடி எடுத்துப் பள்ளிக்கூடம் போனாள். அவள் வகுப்பில் இப்போது இவள்தான் எல்லாரையும் விடப் பெரியவள், கேலி செய்வார்கள். போகட்டும், உன் பேச்சைக் கேட்டதைவிட அது மோசமில்லை.

உன் செடிகளை நான் வெட்டப் போவதில்லை. இனிக் காலையில் ஊருக்குத் தண்ணீர், தொட்டி நிறைந்த பிறகு உன் இலைக்கு. மேல்படியில் மட்டும் சோளம் போடுவேன், அது என்னுடையது. நாஜி கல்லைப் பிடுங்கி எறிந்தான். நான் எடுத்து வந்து அதே இடத்தில் நட்டேன். இப்போது ஸபிய்யாவும் மற்றவர்களும் போகும்போதும் வரும்போதும் அந்தக் கல்லை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள், அதனால் அவனுக்குக் கை வரவில்லை.

ஆனால் நேற்று மாலை என் வீட்டு வாசலில் நின்று அவன் ஒன்று சொன்னான். "கைநாட்டு வைக்கலன்னா முக்பில் இந்தப் பெருநாளுக்கு உன் வாசப்படி மிதிக்க மாட்டானாம். சொல்லச் சொன்னான்." பிறகு போய்விட்டான்.

உன் மச்சான் அதற்குத்தான் நடுங்குகிறார். பெருநாளில் கூடப்பிறந்தவன் வராத பெண்ணை இந்த ஊர் எப்படிப் பார்க்கும் என்று உனக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்லி அனுப்பியிருக்கிறாய். கேட்க ஆளில்லாதவள் என்பார்கள். நாளைக்கு என் புருஷன் வீட்டார் என்னைக் கை நீட்டி அடித்தாலும் யாரும் வரமாட்டார்கள். வைத்துவிடு ஹமாமா, நிலம் போனால் போகட்டும் என்று இரவெல்லாம் கெஞ்சினார். அவரைத் திட்டி வாயை அடைத்துவிட்டேன். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மைப்பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். பொட்டலத்தில் இருப்பது அதுதான். மூடி திறக்கவே இல்லை, வேறு யாருக்காவது உதவும்.

பெருநாளன்று தொழுகை முடிந்ததும் அடுப்பில் பானையை ஏற்றுவேன். இஞ்சி தட்டிப் போட்டுக் காபிக்கொட்டைத் தோல் கஷாயம் கொதிக்கும், சின்ன வயதில் நீ வாய் சுடச்சுடக் குடிப்பாயே, அது. கதவைச் சாத்த மாட்டேன். ஸஹ்ராவுக்குத் தலைத்துணி கொண்டு வந்துகொள். எனக்கு எதுவும் வேண்டாம், என் வீட்டுக்கு வெறுங்கையோடு வா. இறைவன் உனக்கு நீண்ட ஆயுளையும், அந்தப் படியை ஏறி வரும் காலையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
ஸைஃப் மகள் ஹமாமா.
(கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பார்த்துக்கொள்.)