ஏழாம் எண் ஸ்லைடு

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இன்று காலை எங்கள் ஆய்வக மேலாளர் கையெழுத்திட்ட தாளின்படி, பல் அடைப்பை ஒட்டும் உங்கள் பசையைத் தடவிய பத்து ஹாம்ஸ்டர் எலிகளில் ஒன்பதுக்குக் கன்னத்தில் ஒரு கோளாறும் இல்லை. மீதி ஒன்று நிலுவையில் இருக்கிறது. காரணம் நான்.

எது பசை பட்ட தோல், எது படாதது என்று ஸ்லைடு படிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. எண் மட்டும்தான் இருக்கும். விவரம் விலங்குக்கூடத்து அக்காவின் நோட்டில். ஆனால் ஏழாம் எண்ணில் பசைத் துகள் ஒன்று கண்ணாடிப் பொடிபோல் மின்னியது. அப்போதே சொல்லி ஸ்லைடை வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. வீக்கம் நாலுக்கு மூன்று என்று எழுதினேன். மூன்று வந்தால் பசை தேறாது.

அதே ஸ்லைடை இரண்டாவதாகப் படித்தவர் ஒன்று போட்டிருந்தார். “என்ன சார், அந்த எலி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்று அக்கா கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

எலி ஒன்றும் பண்ணவில்லை. நான் மூன்று போட்டதற்கு முந்தின நாள் நீ போனில் பேசிய பன்னிரண்டு நிமிடத்தில் உங்கள் கெமிஸ்ட் ஒன்பது தடவை பேச்சில் வந்தார். காபிக்குச் சர்க்கரையைக்கூட எடை போட்டுத்தான் போடுவாரு, எனக்கு கரெக்டா அரை ஸ்பூன், பாக்கவே சிரிப்பா இருக்கும் என்றாய். உனக்கு அரை ஸ்பூன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் பத்து வருடமாக ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டிருந்தேன். நீ குடித்துக்கொண்டிருந்தாய்.

பசை தேறினால் அங்கே இன்னும் இரண்டு வருடம் அவரோடு வேலை. தேறாவிட்டால் அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறாய். மூன்று என்று எழுதும்போது இது என் நினைவில் இல்லை என்றால் அது பொய்.

நேற்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். துகளைப் பார்த்ததை மட்டும். மற்றதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. என்னை இந்தச் சோதனையிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆனால் அந்தத் தோலில் நான் வீக்கத்தைப் பார்த்தேன். அது அங்கே இருந்ததா, என் கண்ணில் இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. யாரோ ஒருவர் வாயில் போகிற பொருள். தெரியாமல் விடவும் முடியாது.

இதுவரை எதையும் பார்க்காத மூன்றாமவர் ஒருவர் இப்போது படிக்கிறார். முடிவு வியாழன் மதியம் வரும். உனக்கும் கெமிஸ்டுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். அவர் மேசைக்குப் போகாதே. உன் அறையிலேயே படித்துவிட்டு, முதலில் என்னைக் கூப்பிடு.

இப்படிக்கு,
இனி அரை ஸ்பூன் போடும்
உன் கணவன்