செருப்பைக் கழற்றிவிட்டுப் போனவர்

ஆகஸ்ட் 20, புதன்

தெருப் பாதுகாப்புக் குழுக் கூட்டம் ஆறு மணிக்கு என்று சொன்னால் ஆறேமுக்காலுக்குத்தான் நாற்காலி நிறைகிறது. டீச்சர் என்றால் அதட்டி உட்கார வைப்பாள் என்றுதான் என்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். அதையும் செய்தேன்.

எஸ்.ஐ. பானுப்ரியா வந்திருந்தார். சின்ன வயது, நிதானமான பேச்சு. "போலீஸ் பாதி, நீங்க பாதி. ஊருக்குப் போறவங்க யாருன்னு சொல்லிருங்க, எங்க ஆளு வந்து பூட்டப் பாத்துட்டுப் போவாங்க" என்றார். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இந்த வருடம் ஆறு வீடு பூட்டுகிறார்கள். பட்டியல் எழுதிக் கொடுத்தேன். கூடவே நானாக ஒரு விதியும் போட்டேன்: சாவியை வெளியாள் யாரிடமும் கொடுக்கக் கூடாது. எல்லாரும் கை தூக்கினார்கள், எதிர்வீட்டு ரூபி அக்கா உட்பட.

எங்கள் வீட்டுச் சுவரில் கேமரா மாட்டியாகிவிட்டது. தெரு முழுக்க என் போனில் தெரிகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

ரூபி அக்காவும் அவர் கணவர் ஸ்டீபன்ராஜ் சாரும் நடைப்பயணக் கூட்டத்தோடு கிளம்பிவிட்டார்கள். எனக்குக் காலாண்டுக் கேள்வித்தாள் வேலை.

செப்டம்பர் 4, வியாழன்

ரூபி அக்கா வீட்டுப் பின்கதவை உடைத்திருக்கிறார்கள். பின்சந்தில் குடியிருக்கும் அன்னாள் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். பீரோ திறந்து கிடந்தது, நகை இல்லை. எஸ்.ஐ. வந்து கைரேகை எடுக்க ஏற்பாடு செய்தார். பின்சந்தில் கேமரா கிடையாது. "முன்னாடி கேமராவுல ஏதாவது இருந்தா எனக்கு மட்டும் அனுப்புங்க டீச்சர். க்ரூப்ல போட்டுறாதீங்க" என்று போகும்போது சொன்னார்.

ஒரு வாரப் பதிவையும் உட்கார்ந்து பார்த்தேன். கிடைத்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிவாக்கில் ஒரு ஆள் வருகிறார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கிறார். கேட்டைச் சாவி போட்டுத் திறக்கிறார். செருப்பைக் கழற்றி வெளியே விடுகிறார். காம்பவுண்டுச் சுவர் மறைப்பில் குனிகிறார், ஐந்து நிமிடத்தில் வெளியே வருகிறார். முகம் தெரிகிறது. தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் தங்கமுத்து. பத்து வருடமாக எங்கள் வீட்டுத் துணிக்கும் அவர்தான்.

செருப்பை எதற்குக் கழற்ற வேண்டும்? சத்தம் கேட்கக் கூடாது என்றுதானே?

எஸ்.ஐ.க்கு அனுப்பினேன். பிறகு தெரு வாட்ஸ்அப் க்ரூப்பிலும் போட்டேன். "செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் நுழைவதைக் கவனிக்கவும்" என்று கீழே எழுதினேன். அவர் வேண்டாம் என்று சொல்லியும் ஏன் போட்டேன்? கண்டுபிடித்தது நான் என்று தெரு தெரிந்துகொள்ள வேண்டும். வேறு காரணம் இல்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆசிரியர் தினம். பிள்ளைகள் கொடுத்த பேனாவும் ரோஜாவுமாகப் பள்ளியிலிருந்து வந்தால், இஸ்திரி வண்டியைச் சுற்றிக் கூட்டம். என் கணவர் கிளெமென்ட் தங்கமுத்துவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரூபி அக்கா வீட்டு கேட் சாவி அந்தச் சட்டைப் பையிலேயே இருந்ததாம்.

தங்கமுத்து என்னைப் பார்த்துத்தான் பேசினார். "ரூபிம்மாதான் குடுத்தாங்க டீச்சர். வார வரைக்கும் மாதா கெபிக்கு வெளக்குப் போடச் சொன்னாங்க. போன் போட்டுக் கேளுங்க."

போன் போட்டேன். விஷயம் தெரிந்து அவர்கள் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் வைத்தேன். பக்கத்திலிருந்து ஸ்டீபன்ராஜ் சார் என்னவென்று கேட்டது காதில் விழுந்தது. பிறகு ரூபி அக்காவின் குரல்: "நான் யார்கிட்டயும் சாவி குடுக்கலையே."

முதல் அடி கிளெமென்ட் அடித்தது. அதற்குப் பிறகு ஏழெட்டுப் பேர். தங்கமுத்துவின் வலது கையைப் பின்னால் முறுக்கியது யார் என்று நான் பார்க்கவில்லை. – பார்த்தேன். பெயர் எழுத மாட்டேன். நிறுத்துங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எஸ்.ஐ. ஜீப்பில் வந்துதான் விலக்கினார். "கை வைக்கச் சொன்னது யாரு?" என்று எல்லாரையும் கேட்டார். என்னைக் கேட்கவில்லை, பார்க்க மட்டும் செய்தார்.

செப்டம்பர் 6, சனி

தங்கமுத்துவை ஸ்டேஷனில் விசாரித்துவிட்டுக் காலையிலேயே விட்டுவிட்டார்களாம். மத்தியானம் அவர் மனைவி வந்து, வண்டியில் இருந்த துணிகளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார். தேய்க்காமல் கிடந்ததை அவரே தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறார். கிளெமென்ட்டின் வெள்ளைச் சட்டையும் அதில் இருந்தது. பத்து வருடப் பழக்கம், அந்த அம்மாள் பெயர் எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். ரூபி அக்கா வீட்டுக்குப் போனேன். மாதா சிலை வைத்த அந்தச் சின்னக் கெபி, கேமராவுக்குத் தெரியாமல் சுவரை ஒட்டி இருக்கிறது. அகலில் பாதி எண்ணெய். பக்கத்தில் எரிந்த தீக்குச்சிகளை ஒரு சிரட்டையில் சேர்த்து வைத்திருந்தார்கள். ரூபி அக்கா அந்தச் சிரட்டையை எடுத்து முந்தானையில் மறைத்தார்.

"நீங்கதான் சாவி குடுத்தீங்களா அக்கா?"

அழுதார். "அவரு பக்கத்துலயே உக்காந்திருந்தாரு அல்போன்சா. குடுத்தேன்னு சொன்னா, நகை போனதுக்கே நாந்தான் காரணம்னு வாழ்நாள் பூரா சொல்லுவாரு. நீ போட்ட விதி வேற."

செருப்பைப் பற்றிக் கேட்டேன். "சாமி இருக்குற எடத்துக்குச் செருப்போடயா வருவாங்கன்னு எங்கிட்டயே கேட்டாரு" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் அப்போது செருப்போடுதான் நின்றுகொண்டிருந்தோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

திருடியவர்கள் வேறொரு ஊரில் பிடிபட்டுவிட்டார்கள். இரண்டு பேர், வெளி மாவட்டம். பின்சந்து வழியாக வந்ததாக ஒத்துக்கொண்டார்களாம். க்ரூப்பில் காவல்துறைக்கும் குழுவுக்கும் ஏகப்பட்ட கைகூப்பல்கள். தங்கமுத்து பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. நான் எழுதினேன்: "தங்கமுத்து குற்றமற்றவர். கெபிக்கு விளக்குப் போட வந்தவர். தவறு என்னுடையது." இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. அடுத்து ஒருவர் இனிய மாலை வணக்கம் என்று பூப்படம் போட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

தங்கமுத்துவும் மனைவியும் சித்தையன்கோட்டைக்கே போய்விட்டார்கள், அங்கே அந்த அம்மாளின் அண்ணன் வீடு. கிளெமென்ட் வர மாட்டேன் என்றார், நான் மட்டும் போனேன். தங்கமுத்து வீட்டில் இல்லை. அவர் மனைவி உள்ளே வரச் சொல்லவில்லை, ஆனால் தண்ணீர் கொடுத்தார்.

"கை தேறிக்கிரும் டீச்சர். பேருதான். ஆத்தூர்ல வண்டி போடப் போனாரு. அங்கயும் அந்தப் படம் வந்துருச்சு, துணி குடுக்க மாட்டேங்குறாக. இவரு திருடலைன்னு ஸ்டேஷன்ல ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க, போதும்."

வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 24, புதன்

எஸ்.ஐ.யைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "அவர் மேல கேஸே போடலையே டீச்சர். போடாத கேஸுக்கு விடுதலைன்னு எப்படி எழுதிக் குடுக்கறது? எங்க ரெக்கார்டுல அவர் சுத்தம்."

ரெக்கார்டில் சுத்தம். ஆத்தூர்க்காரர்கள் போன்களில்?

அக்டோபர் 12, ஞாயிறு

நானே எழுதினேன். குழுவின் பெயரில், முத்திரை வைத்து, நடந்ததை நடந்தபடி. இருபத்தெட்டு வீடு ஏறி இறங்கினேன், ஒன்பது கையெழுத்து. "முடிஞ்சு போனத ஏன் கிளறுறீங்க" என்று நாலு வீட்டில் சொன்னார்கள். ரூபி அக்கா போட்டார். ஸ்டீபன்ராஜ் சார் பார்க்கவே, "சாவி கொடுத்தது நான்தான்" என்று தன் கையால் ஒரு வரியும் எழுதி. சார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

என் வீட்டில் என் கையெழுத்து மட்டும்தான். "நான் போட்டா, அடிச்சதும் எழுத்துல வந்துரும்ல" என்கிறார் கிளெமென்ட். இரண்டு நாளாகப் பேச்சில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

தங்கமுத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருக்கிறார் என்று அவர் மனைவி சொல்லியிருந்தார். கேரளாவுக்குப் போகிற லாரியில் முருங்கைக்காய்க் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். இடது கையால்தான் தூக்குகிறார். என்னைக் கண்டதும் சுற்றிப் பார்த்துவிட்டு, லாரிக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

கடிதத்தை நிறுத்தி நிறுத்தி, கடைசிக் கையெழுத்து வரை வாசித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர்" என்றார். மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"வச்சுக்கங்க. யாராவது கேட்டாக் காட்டலாம்ல?"

"இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது டீச்சர். இதக் காட்டுனா, என்ன திருட்டுன்னுதான மொதல்ல கேப்பாங்க?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒன்றரை மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தது, வெளியே வந்தபோது சத்தமே இல்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார். லாரிக்காரர் கூப்பிட்டார். நாலடி போனவர் திரும்பி வந்தார். கோபமாக இல்லை, தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இனிமே இங்க வராதீங்க. யாரு வந்துட்டுப் போறதுன்னு கேப்பாங்க."

சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.