கறுப்பு சார்ஜரில் உன் போன் மட்டும்

லோசா,

சாயங்காலம் ஊர் ஜெபத்துக்குச் சங்கு ஊதியதும், உட்காருமுன் உன் போனைக் கறுப்பு சார்ஜரில் மாட்டு. சன்னலோரம் வைத்திருக்கிறேன். ஜெபம் முடிந்ததும் குயின்ஸ்லாந்து வாழைத்தோட்டத்துக்காரர் மறுபடி கூப்பிடுவார். எடுக்காவிட்டால் தோட்டத்து வேலையில் உன் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

போன வாரம் அவர் பேசும்போதே போன் செத்ததற்கு, "குப்பை போனை வாங்கிக் குடுத்துட்டு, ஆப்பியா துறைமுகத்து ராத்திரி வேலையையும் விட்டுட்டு வந்து நிக்கிறியேய்யா!" என்று கத்தினாய். போன் குப்பையில்லை. ஜெபம் முடியும்வரை உன் போனோடு உன் மூன்று தம்பிகள் போனும் வீட்டிலிருக்கும் அந்த வெள்ளை சார்ஜரில் தொங்கின. அது தருவதே கொஞ்சம். அதையும் நாலு போன் பங்கு போட்டால் உனக்கு என்ன மிஞ்சும்? நேற்று கறுப்பில் தனியாகப் போட்டுப் பார்த்தேன். ஜெபம் முடிவதற்குள் பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

"பெரிய சார்ஜர், போன் வெடிச்சிரும், எடுடி!" என்று உன் அம்மா வருவார். போன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும் என்று சொல்.

பானையில் சேப்பங்கிழங்கு அவித்து வைத்திருக்கிறேன். நான் மாமாவோடு மீன்பிடிக்கப் போகிறேன். விடிந்துதான் வருவேன்.

ஃபெலெட்டி

பின்குறிப்பு: நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காகப் போன் அணைந்துபோய் நீ இங்கே இருக்க வேண்டாம். இருப்பதென்றால், அவரிடம் உன் வாயாலேயே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு இரு.