எக்ஸ்ரே பிலிமில் நின்ற கோடு

நேற்றுக் கணினியில் ஒரு வரைபடத்துக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். கோடு சட்டத்தைத் தாண்டிப் போனது. தாண்டியதை வெட்டிவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். படம் துடைத்துவிட்டதுபோல வந்தது. உடனே எழுந்துபோய் பீரோவிலிருந்து உன் எக்ஸ்ரே பிலிமை எடுத்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் துறைமுக அலுவலகத்தில் நாம் இருவரும் வரைபடம் போடுகிறவர்கள். உன் நெஞ்சுக்கூட்டுப் பிலிமின் நடுவில் சன்னல்போல வெட்டித் தாள்மேல் வைப்பாய். பேனா எங்கே ஓடினாலும் சன்னலுக்குள் விழுவது மட்டும் தாளில் நிற்கும். மிச்சம் உன் விலா எலும்புமேல். "எங்கிட்ட உருப்படியா இருக்கது இந்த எலும்புதாம்ல" என்பாய். பிலிமைத் துடைக்குமுன் அதில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்ப்பது உன் வழக்கம்.

ஒரு தடவை உன் பிலிமை வைத்து ஒரு வாரக் காற்று வேகத்தை நான் அவசரமாக வரைந்தேன், பிலிமில் விழுந்ததைப் பார்க்கவில்லை. அந்தத் தாளைப் பார்த்துத்தான், காற்று அடங்கும் வேளையாக, சரக்குத் தோணிகளைக் கப்பலுக்கு அனுப்ப நேரம் குறிப்பார்கள். அது அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. நீ டீ கிளாசோடு அதன்முன் நின்றுவிட்டாய்.

"ஏலே, கோடு மேல முட்டி நிக்கி. அன்னைக்கு மத்தியானம் காத்து சட்டத்தப் பாத்துப் பயந்து நின்னுட்டாக்கும்?"

ஓடிப்போய்ப் பிலிமை எடுத்துப் பார்த்தேன். தாளில் விட்டுப்போன மேடு பிலிமில் சிவப்பு மையாகக் காய்ந்திருந்தது. தாளின் தலையில் ஒரு துண்டை ஒட்டி அதைப் படியெடுத்தாய். பசை காய்வதற்குள் அதிகாரி வந்து, யார் செய்த தப்பு என்றார். அந்த வாரம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது.

"நாந்தான் சார்" என்றாய்.

உன்னைப் பதிவேட்டுப் பிரிவுக்குத் தள்ளினார்கள். போகும்போது பிலிமை என் மேசையில் வைத்து, "ரெண்டு மக்ரூன் வாங்கித் தா, சரியாப் போவும்" என்று சிரித்தாய். அந்த முந்திரி இனிப்பை வாங்கித் தந்துவிட்டு நானும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் உன் நாற்பதாம் நாள் பூசை. உன் மனைவி யாரிடமோ, "அவியளுக்கு ஒரே ஒரு தடவ கை தவறிட்டு. அதுக்கப்புறம் படம் வரையவே விடல" என்றாள். அவளிடம்கூட நீ சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வெட்டச் சொன்ன வரியை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். பிலிமில் அந்தச் சிவப்பு மேடு இன்னும் இருக்கிறது; துடைக்க மனம் வந்ததே இல்லை. நாளைக் காலை அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போகிறேன். "தங்கச்சி, இது நான் போட்ட கோடு, தப்பும் என்னுதுதான்" என்று சொல்லப் போகிறேன். இந்தத் தடவை முந்திக்கொண்டு "நாந்தான்" என்று சொல்ல நீ இல்லை.