பாதியில் நின்ற தையல்

12.3.2003

மழை. தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தபோது எடுத்து வைத்த இங்கிலீஷ் தையல் புத்தகத் தாளைப் பார்த்து, ஒட்டுப் போர்வைக்கு மெஷினில் ஒரு கட்டம் தைக்கிறேன். நடுவில் அம்மா சேலையில் வெட்டிய சதுரம். சுற்றி நாலு துணிப் பட்டி, ஒன்றின் தலை அடுத்ததன் காலைத் தொடும்படி. மூன்று பொருந்தின. நாலாவது மூலையில் சுருங்கிக்கொண்டது. பிரித்தேன்.

14.3

மறுபடியும் சுருக்கம். படத்தில் முதல் பட்டியின் தையல் பாதியிலேயே நிற்கிறது. அச்சுப் பிழைதான். பாதித் தையல் யார் போடுவார்கள்? ஒரு காலத்தில் தங்கச்சி வெள்ளையம்மாவும் இந்தத் தாளைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. தமிழையே கடையில் பொட்டலம் கட்டிய தாள்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

19.3

லயத்து வரிசையில் பக்கத்து வீடான காம்பராவிலிருந்து வெள்ளையம்மா மகள் தனுஜா வந்து வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை.

"பெரியம்மா, நீங்க தைக்கிறதும் பிரிக்கிறதும் செவுத்துல கேக்குதாம். அந்தத் தாள்ல இருக்கிற மாதிரியே மொதப் பட்டிய பாதியோட நிப்பாட்டணுமாம். கடைசிப் பட்டி வந்த பொறகுதான் மிச்சத்த தைக்கணும்னு அம்மா சொல்றாங்க."

"ஒங்கம்மா என்ன டெயிலரா?"

"படுத்துக்கிட்டே டெயிலர் வேல பாக்குறாங்க" என்று சிரித்தாள். உடனே அழுதாள். "பலாங்கொட ஆஸ்பத்திரியில இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க பெரியம்மா. ஒருக்கா வந்து பாருங்க."

போகவில்லை.

20.3

ஏன் போக வேண்டும்? பதினொரு வருடத்துக்கு முன் அம்மா செத்தபோது நான் அந்தத் துரையின் கொழும்பு வீட்டில் வேலையில். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வருகிறேன் - புதைத்துவிட்டு எல்லோரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். "மழ வருதுன்னு அவசரப்பட்டோம் அக்கா" என்றாள் வெள்ளையம்மா. மழையாம்! மண் காய்ந்து கிடந்தது. பெத்தவ மொகத்த நான் பாக்கல. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். நடுவில் ஒற்றைச் சுவர்தான்.

27.3

முதல் பட்டியைப் பாதியில் நிறுத்திப் பார்த்தேன். நாலாவது அதற்கு அடியில் போய் அடக்கமாக உட்கார்ந்தது. மிச்சப் பாதியைத் தைக்கவில்லை. தைத்தால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல். மெஷின் ஓடும்போது மட்டும் இருமல் இல்லை. கேட்டுக்கொண்டு கிடக்கிறாளா?

31.3

விடியற்காலை வெள்ளையம்மா போய்விட்டாள்.

1.4

கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்குவதாகச் சொன்னார்கள். தூக்கவில்லை. ஒரு மணி, இரண்டு மணி. மழை கொட்டுகிறது. தப்பு மேளச் சத்தமும் அடங்கிவிட்டது. மூன்று மணிக்குத் தனுஜா வந்தாள், தெப்பமாக நனைந்து.

"எவ்வளவு மழ பேஞ்சாலும் அக்கா வந்து மொகம் பாக்காம பெட்டிய மூடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. வாங்க பெரியம்மா. ஆளுக எல்லாம் நனையுது."

போனேன். முகம் இவ்வளவு சின்னதாகிவிட்டதே. என்னடி இது, வெள்ள... நானாச்சும் ஒத்த வார்த்த பேசியிருக்கக் கூடாதா?

9.4

திறந்து கிடந்த பாதியை இன்று தைத்து முடித்தேன். கட்டம் சுருக்கமில்லாமல் இருக்கிறது. மெஷினை நிறுத்திவிட்டு, சுவரில் காதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.