நகர மன்ற மாடத்தில் முதல் எக்காளம்

சாக்ஸனி, நவம்பர் 1612

அன்பு மனைவி உர்சுலாவுக்கு,

உன் இருமல் குறைந்ததா? நான் நலம்.

எங்கள் தலைமை வாத்தியக்காரர் மெல்கியோர் காலமானார். அவருடைய விதவையை மணப்பவருக்கே அந்தப் பதவி. இங்கே அதுதான் வழக்கம். பதினோரு வருடம் எக்காளம் ஊதியவன் என்று என்னை முதலில் அழைத்தார்கள்.

"நல்லாத்தான் ஊதுறீரு, பார்த்தெல். ஆனா வீட்டுக்காரம்மா உசுரோட இருக்காங்களா?" என்று மன்ற எழுத்தர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் குழுவில் மேல் சுரம் எட்டாத ஹென்னிங் மாப்பிள்ளையானான். தினமும் பத்து மணிக்கு மன்ற மாடத்தில் அவன் முன்னால் நிற்கிறான், நான் பின்னால். "அண்ணே, மெதுவா ஊதுங்க, என் சத்தமே கேக்கல" என்கிறான்!

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. மணி அடிக்கப் போகிறது, ஓட வேண்டும்.

எழுத்தருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை, உர்சுலா. கொஞ்சம் யோசித்தேன். மன்னித்துவிடு.

உன் பார்த்தெல்