கூடை நாள், அலமாரி நாள்

பிப்ரவரி 3, திங்கள்

செமஸ்டரின் முதல் வகுப்பு. முப்பத்தோரு வருடமாக ஒரே கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறேன். "சோப்பு விக்கத் தெரியாதவங்க கை தூக்குங்க." அறுபது பேரில் நாற்பது கை. "சோப்பு வாங்கத் தெரியாதவங்க?" ஒரு கைகூட இல்லை. "அப்ப பாதிப் பாடம் முடிஞ்சது, மீதியை நான் சொல்லித்தரேன்" என்றேன். சிரித்தார்கள். முதல் பத்து நிமிடத்தில் சிரிக்க வைத்துவிட்டால் செமஸ்டர் முழுக்க வகுப்பு நம் கையில். இந்த வித்தை எனக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் மார்க்கெட்டிங் துறையில் வேறு யாருக்கும் தெரியாது. தற்பெருமைதான். நாட்குறிப்பில் அடக்கம் எதற்கு?

அறைக்கு வந்தால் மேஜையில் மார்க்கெட்டிங் ஆசிரியர் சங்கத்தின் கடிதம். வாழ்நாள் சாதனை விருது, எனக்கு! மார்ச் 1 அன்று விழா. நான் ஒரு மணி நேரம் பேச வேண்டும். அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஐந்து நிமிட வீடியோ போடுவார்களாம்.

எல்லாம் அந்தப் 'பத்து விநாடி விதி' போட்ட சோறு. ஒரு பொருளைப் பத்து விநாடி கையில் வைத்திருந்தவர் அதைத் திருப்பி வைக்க மாட்டார், வாங்கிவிடுவார். ஆகவே பொருளைக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டாதே, கைக்கு எட்டும்படி வை. இருபத்துநான்கு வருடத்துக்கு முன் ஒரு சின்னக் கடையில் ஆறு வாரம் நின்று கண்டுபிடித்தேன். இன்று அது இல்லாத பாடப்புத்தகம் இல்லை. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பத்து விநாடி மேடம்' என்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அது சரி, கல்யாணத்துக்கு முன்னாடி என் கையை எத்தனை விநாடி பிடிச்சே?" என்றார்.

"நாலு. அவசரப்பட்டுட்டேன்."

பிப்ரவரி 6, வியாழன்

வீடியோக்காரர் வீட்டுக்கு வந்தார். புத்தக அலமாரி முன்னால் உட்கார வைத்து, "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க மேடம்" என்றார். கேட்க வேண்டுமா! இருபத்திரண்டு வயதில் சலவைத்தூள் கம்பெனியின் கேள்வித்தாளோடு வீடு வீடாகக் கதவு தட்டியது. முதல் நாளே நாய் துரத்தி ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தது. மறுநாள் அதே வீட்டுக்குப் போய்ச் செருப்பையும் வாங்கி, பதினெட்டுக் கேள்விக்குப் பதிலையும் வாங்கி வந்தது. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஊர் சுத்துற படிப்பு?" என்று கேட்ட பெரியப்பா, பிறகு தன் மகனை எங்கள் துறையில் சேர்க்கச் சிபாரிசுக்கு வந்தது. சிபாரிசு செய்யவில்லை. அவனே தேர்வெழுதிச் சேர்ந்தான்.

கம்பெனிகள் இரண்டு தடவை வேலைக்குக் கூப்பிட்டன. போகவில்லை. விற்பதைவிட, ஏன் வாங்குகிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது. அதை இன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

சனிக்கிழமை அந்தப் பழைய கடையில் படம்பிடிக்கப் போகிறோம்.

பிப்ரவரி 8, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

கடை அப்படியே இருக்கிறது. கடைக்காரருக்குத்தான் எழுபது தாண்டிவிட்டது. என்னைப் பார்த்ததும் "டீச்சரம்மா!" என்று கல்லாவை விட்டு எழுந்து வந்தார். வீடியோக்காரர் அவரை நிற்க வைத்து, மேடம் ஆராய்ச்சி செய்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இல்லாம இருக்குமா? ஆறு வாரம்! இந்த மூலையிலதான், துடைப்பக் கட்டுப் பக்கத்துல நின்னு எழுதிட்டே இருப்பாங்க. ஒரு நாள் சோப்பு கூடையில, ஒரு நாள் கண்ணாடி அலமாரியில. கூடையில வெச்சாத்தான் நல்லா விக்கும், அதை நிரூபிக்கணும்னு சொன்னாங்க. நம்ம கடையை நம்பி வந்தவங்க தோத்துப் போகலாமா? கூடை வைக்கிற அன்னிக்கெல்லாம் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிடுவேன். மச்சான், கொழுந்தியா, தம்பி சம்சாரம், எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து வாங்கிட்டுப் போவாங்க. டீச்சரம்மா கடிகாரத்தைப் பாக்குறாங்க, அதனால உடனே வாங்காதீங்க, கொஞ்ச நேரம் கையில வெச்சிருங்க, மோந்து பாருங்கன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

இவ்வளவையும் மலர்ந்த முகத்தோடு சொன்னார். எனக்குச் செய்த உபகாரத்தை இத்தனை வருடம் பொத்தி வைத்திருந்து, இப்போதுதான் அவிழ்க்கிறார்.

வீடியோக்காரர் கேமராவை நிறுத்தினார். என் காதருகே வந்து, "கட் பண்ணிடலாம் மேடம், யாருக்கும் தெரியாது" என்றார்.

"பண்ணிடுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வயசாச்சு, ஏதோ உளறுறார். இருபத்துநாலு வருஷக் கதை. விடு.

பிப்ரவரி 12, புதன்

விடுன்னு எழுதிட்டா விட்டுடுமா?

இன்றைக்குக் கள ஆய்வு பற்றிய வகுப்பு. முப்பத்தோரு வருடமாகப் பலகையில் நான் எழுதும் முதல் வரி: 'எதை எதிர்பார்க்கிறோம் என்று கடை ஆட்களிடம் சொல்லாதே.' பாதி எழுதினேன், கை நின்றுவிட்டது.  மேடத்துக்கு உடம்பு சரியில்லையோ என்று ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

கடைக்காரரிடம் நான் சொன்னேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் நாள் அந்தக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். யாரும் மதிக்காத இளம் ஆசிரியைக்கு ஒருவர் ஸ்டூல் போட்டு, என்னம்மா ஆராய்ச்சி என்று ஆசையாகக் கேட்டார். மனம் குளிர்ந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாலு நாளாக மனதுக்குள் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் என்ன செய்வார்? நல்ல மனது, உதவினார். தப்பு என்னுடையது.

பிப்ரவரி 15, சனி

அன்று கடையில் நின்று எழுதிய ஐந்து நோட்டுப் புத்தகங்களையும் பரணிலிருந்து இவர்தான் இறக்கிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி அடையாளம் எழுதி வைத்திருக்கிறேன். அந்த வயதில் எனக்கு எவ்வளவு கூர்மையான கண்! கூடை நாள்களை மட்டும் எடுத்து வாசிக்க வாசிக்க, கடைக்காரர் நாடியைத் தடவிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார்.

"கறுப்புக் குடை, இடக்கை, இருமல்."

"மச்சான். அந்த இருமல் இன்னிக்கும் நிக்கல."

"உயரம், தெத்துப்பல், மூணு சோப்பையும் முகர்ந்து பார்த்தார்."

"கொழுந்தியா! அவ எப்பவுமே சொன்னதுக்கு மேல செய்வா."

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அழுகை வந்தது. அவர் பதறிப்போய், "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா டீச்சரம்மா?" என்றார். என்ன சொல்வது? "இல்லீங்க, நான்தான் பண்ணிட்டேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு டீ சொன்னார்.

கூடை நாள்களில் மொத்தம் 231 பேர் வாங்கினார்கள். அலமாரி நாள்களில் 148. அந்த இடைவெளிதான் என் விதி, என் பெயர், என் நாற்காலி. 231இல் அவர் சந்தேகமில்லாமல் அடையாளம் சொன்ன சொந்தக்காரர்கள் 74. கழித்தால் 157.

157க்கும் 148க்கும் நடுவில் விதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இன்னொரு கூத்து. அதே முகங்கள் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்து, 'கையில் எடுத்துப் பார்த்து வாங்கியவர்களின் விசுவாசம்' என்று தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். விசுவாசம் உண்மைதான். சோப்பு மேல் இல்லை, கடைக்கார அத்தான் மேல்.

பிப்ரவரி 17, திங்கள்

துறைத்தலைவரிடம் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நல்லவர், எதற்கும் பயப்படுவார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், விழாவுக்கு இன்னும் ரெண்டு வாரம் கூட இல்ல. முதல்ல விருதை வாங்கிடுங்க. அப்புறம் மெதுவா ஒரு திருத்தம் எழுதலாம். யார் கேக்கப் போறாங்க?"

"யாருமே கேக்க மாட்டாங்க. அதுதான் பிரச்சினை."

"உங்க ஒருத்தர் பேர் மட்டும் இல்ல மேடம், டிபார்ட்மென்ட் பேரும் இருக்கு."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாளை யோசிக்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன். விருது கையில் வந்த பிறகு சொன்னால் என்ன? விருது முப்பத்தோரு வருடப் பாடத்துக்கும் சேர்த்துத்தானே? எவ்வளவு அழகாக எனக்கே விற்றுக்கொள்கிறேன் பார். தொழில் புத்தி.

பிப்ரவரி 19, புதன்

காலையில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே செய்தித்தாளை மடித்தார். ஓய்வு பெறும்வரை பாலம் கட்டிய மனிதர், எதையும் பாலமாகத்தான் பார்ப்பார்.

"நான் கட்டின பாலத்துல விரிசல்னு எனக்கு மட்டும் தெரியுதுன்னு வை. ரிப்பன் வெட்டிட்டு அப்புறம் சொல்லலாம்னு லாரியை விடுவேனா?"

"இது சோப்புங்க. யாரும் ஆத்துல விழப் போறதில்ல."

"அப்ப எதுக்குப் பத்து நாளா தூங்காம இருக்கே?"

என்னையே மடக்கிவிட்டார்.  பிறகு உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று ஆய்வுப் பத்திரிகைக்கு: என் கட்டுரைகள் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், காரணம் இது, தவறு முழுக்க என்னுடையது. இன்னொன்று சங்கத்துக்கு. வீடியோக்காரருக்கும் போன் செய்து, அந்தப் பகுதியை அழிக்க வேண்டாம், முழுசாக எனக்கு அனுப்புங்கள் என்றேன். "நிஜமாவா மேடம்?" என்றார். நிஜமாகத்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

அனுப்பிவிட்டேன். பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சங்கத்திலிருந்து பதில். என் நேர்மையைப் போற்றுகிறார்களாம். விருதை 'இவ்வாண்டு ஒத்திவைத்திருக்கிறார்களாம்'. எனக்கு வாசிக்கத் தெரியாதா என்ன? இனி எந்த ஆண்டும் இல்லை.

மார்ச் 1, சனி

விழாவுக்கென்று வாங்கிய புது உடுப்பைப் போட்டுக்கொண்டு இவரோடு வெளியே சாப்பிடப் போனேன். கம்பீரமாகத்தான் போனேன். திரும்பி வந்து குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். வலிக்கிறது. ரொம்ப வலிக்கிறது. வெளியே வந்தபோது இவர் துண்டை நீட்டினார்.

மார்ச் 27, வியாழன்

பத்திரிகையில் அறிவிப்பு வந்துவிட்டது. ஒரு கம்பெனி என் பயிற்சி வகுப்பை ரத்து செய்தது. இன்னொன்று பதிலே போடவில்லை. ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் இரண்டு பேர் திடீரென்று வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் நேரே போய் நடுவில் உட்கார்ந்து, "என்னைப் பத்தித்தானே? சத்தமாவே பேசுங்க, எனக்கும் விஷயம் தெரியணும்" என்றேன். ஒருவருக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

வகுப்பில் அந்த வீடியோவை முழுசாகப் போட்டுக் காட்டினேன். சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். ஒருவன் கேட்டான்: "அப்ப கையில எடுத்தா வாங்குவாங்களா மாட்டாங்களா மேடம்?"

"தெரியாது" என்றேன். முப்பத்தோரு வருடத்தில் வகுப்பில் இந்த வார்த்தையைச் சொன்னதாக ஞாபகம் இல்லை. சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆமாம், நிஜமாகவே எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.

மே 5, திங்கள்

விடுமுறை தொடங்கிவிட்டது. நானும் தொடங்கிவிட்டேன். கடைக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: ஆறு வாரத்துக்கு உங்கள் சொந்தக்காரர் யாரும் இங்கே சோப்பு வாங்கக் கூடாது. "வேற என்ன பண்ணணும் டீச்சரம்மா?" என்றார். எதுவுமே பண்ணாதீர்கள், அதுதான் பெரிய உதவி என்றேன். முகம் வாடிவிட்டது, பாவம்.

ஜூன் 11, புதன்

ஆறாவது வாரம். கூடை நாள். முழங்கால் கெஞ்சுகிறது, ஆனால் கண் இன்னும் கூர்மைதான்.

மதியம் ஓர் அம்மாள் வந்து கூடையிலிருந்து ஒரு சோப்பை எடுத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கல்லாவிலிருந்து ஒரு அதட்டல்: "அதைக் கீழ வை!" தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால், அந்த அம்மாள் கடைக்காரருடைய சம்சாரம்.

"வீட்டுல சோப்பு இல்ல. குளிக்க வேண்டாமா?"

"எதிர்க்கடையில வாங்கு. சனிக்கிழமை வரைக்கும் நம்ம ஆளுங்களுக்கு இங்க சோப்பு கிடையாது."

அந்த அம்மாள் என்னிடம் திரும்பி, "சொந்தக் கடையை வெச்சுக்கிட்டு எதிர்க்கடைக்குப் போற கொடுமையை எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்றார். போயும் விட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

கிளம்பும்போது கடைக்காரர் வாசல்வரை வந்தார். கேட்கலாமா கூடாதா என்று தவித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டேவிட்டார்.

"இந்தத் தடவையாச்சும் ஜெயிச்சிடுவீங்கள்ல டீச்சரம்மா?"

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

நேற்று அலமாரியில் பன்னிரண்டு. இன்று கூடையில் பதினொன்று.